கழித்த இரண்டு கிலோ

எங்கள் கடை பசறை ரோட்டில், தேயிலைத் தோட்டத்துக்கு இறங்கும் வளைவில் இருந்தது. தகரக் கூரை, முன்னால் ஒரு பலகை, உள்ளே சாமான் அடுக்க நான்கு தட்டு. அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, நெத்தலி. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்ட ஆட்கள் மூட்டையாக வாங்க மாட்டார்கள். கால் கிலோ மா, நூறு கிராம் நெத்தலி, ஒரு கை காய்ந்த செத்தல் மிளகாய். அப்படி நிறுத்து விற்றதில்தான் கடை ஓடியது. பக்கட்டில் அடைத்து வருகிற சாமானில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

நிறுக்கும்போது தராசுத் தட்டு இறங்கின பிறகும் ஒரு சிட்டிகை மேலே போடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

காலையில் முதல் வியாபாரம் ஒரு அக்காவுடையது. சொந்தம் இல்லை. மேல் லயத்தில் இருந்தார், கொழுந்து எடுக்கிறவர். காலைப் பெரட்டில் வேலை பிரிக்க ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் வந்து, ரொட்டி சுடக் கால் கிலோ மா வாங்கிப் போவார். அவர் கையால் முதல் காசு விழுந்தால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடக்கும் என்று என் மனைவி நம்பினாள். நானும் நம்பினேன். வெளியே சொன்னதில்லை.

சாமான் விலை ஏறின வருஷம் தட்டெல்லாம் காலியானது. முன்னால் ஒரு மூட்டை சீனி எடுத்த காசுக்குக் கால் மூட்டைதான் கிடைத்தது. ஒரு நாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிகரெட் வாங்க வந்தார்.

"பகலுக்கு மேல கொழுந்து நிறுக்க ஆள் இல்ல. வர்றியா?" என்றார்.

"கடை இருக்குங்களே, ஐயா."

"பகல்ல ஒன் கடையில ஈ கூட இல்ல. பொஞ்சாதிய ஒக்கார வை. நீ தராசு பிடிச்ச ஆளுதானே."

அவர் சொன்னது சரிதான். பகலில் எல்லோரும் மலையில் இருப்பார்கள். மனைவி இருபது வருஷம் கொழுந்து எடுத்தவள், முழங்கால் போய் நின்றுவிட்டாள். அவளிடம் சொன்னேன்.

"அங்கயும் நிறுத்து இங்கயும் நிறுத்தா, யாருங்க நம்ம கிட்ட வாங்குவா?" என்றாள்.

"அது வேற, இது வேற. சும்மா இரு" என்றேன்.

அவளுக்கு அந்த மலை தெரியும். நான் கேட்டிருக்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கிற மடுவம் ரோட்டோரத்தில் ஒரு கொட்டகை. பகல் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம். பெண்கள் வரிசையாக வந்து சாக்கைக் கொடுப்பார்கள். நான் கொக்கியில் மாட்டி, முள் காட்டுவதைப் பார்த்து, கழித்து, புத்தகத்தில் எழுத வேண்டும். பதினெட்டுக் கிலோ வந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். அரைக் கிலோ குறைந்தாலும் அரைப் பேர்தான்.

"சாக்குக்கு ஒரு கிலோ, கொழுந்துல நிக்கிற தண்ணிக்கு ஒரு கிலோ. ரெண்டு கழி" என்றார் கணக்கப்பிள்ளை.

"வெயில் நாள்லயும் தண்ணிக்குக் கழிக்கணுமாங்க?"

"சொன்னதச் செய்."

செய்தேன். முதல் வாரம் பெண்கள் கேலி பண்ணினார்கள். "அண்ணன் கடையில கூட்டிப் போடுறாரு, இங்க வந்து சரி பண்ணிக்கிறாரு" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். அந்தச் சம்பளத்தில் இரண்டு தட்டு மறுபடி நிறைந்தது.

பிறகு ஒரு வெயில் நாள். மழை பெய்து இரண்டு வாரம் இருக்கும். தேயிலைச் செடித் தூரில் கொழுந்தே இல்லை. அக்காவுக்குப் பகலில் கழித்ததுபோக ஒன்பது எழுதியிருந்தேன். பொழுது சாய அவர் சாக்கை மாட்டினேன். முள் பத்தில் நின்றது. இரண்டு கழித்தால் எட்டு. மொத்தம் பதினேழு.

அக்கா முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பத்து காட்டுது, தம்பி."

"ஆமாங்கக்கா."

"மழையவே காணோம். ஒரு கிலோ தண்ணி எங்கருந்து வந்துச்சு?"

கணக்கப்பிள்ளை பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. நான் அவரைக் கேட்கவும் இல்லை. எட்டு என்று எழுதினேன்.

"வேர்வையா இருக்கும்க்கா, விடு" என்றாள் பின்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார். சிரித்துவிட்டாரே, பரவாயில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. மனைவி சாம்பிராணி போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கு மறுநாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசறைக்குப் போய் பக்கட் மா வாங்கி வந்தார் என்று கேள்விப்பட்டோம்.

மற்றவர்கள் வந்தார்கள். ஆனால் "பக்கட்ல இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றால் தீப்பெட்டியோ மெழுகுவர்த்தியோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி பருப்பு கேட்டாள். நிறுத்தேன். கடை வைத்த பதினோரு வருஷத்தில் முதல் தரமாக, "இன்னொரு தரம் நிறுங்கண்ணே" என்று ஒரு குரல். நிறுத்தேன். வழக்கம்போல் ஒரு சிட்டிகை மேலே போட்டேன்.

"அது எதுக்கு? அங்க கழிச்சத இங்க தர்றீங்களா?" என்றாள்.

பதுளைக்குப் போய், இரண்டு பக்கமும் இலக்கம் தெரிகிற தராசு வாங்கி வந்தேன். பலகையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டும் பக்கட்தான் கேட்டார்கள். மூட்டையில் பருப்புக்கு வண்டு விழுந்தது.

"அந்த அக்காகிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. ஒரு தரம் இல்லை, பல தரம். மேல் லயம் பத்து நிமிஷ ஏற்றம். போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். ஒரு நாள் பொழுது சாய கணக்கப்பிள்ளை மடுவத்தில் இல்லை. ஆபீஸுக்குப் போயிருந்தார். அக்காவின் சாக்கு பதினொன்று காட்டியது. பதினொன்று என்றே எழுதி, வாய்விட்டும் சொன்னேன்.

"கழிச்சாச்சா?" என்றார்.

"இல்லக்கா. இன்னைக்கு ஐயா இல்ல."

அக்கா திரும்பி வரிசையைப் பார்த்தார். "இவங்களுக்கு?"

முன்னால் நின்ற மூன்று பேருக்கு ஏற்கெனவே கழித்திருந்தேன்.

"அப்ப எனக்கும் கழி, தம்பி. நாளைக்கு நான் இவங்களோடதான் மலையில நிக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. மா கேட்கிற குரலில்தான் சொன்னார். பதினொன்றை வெட்டி ஒன்பது எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த சாக்கு வந்தது. பதின்மூன்று காட்டியது. பதினொன்று எழுதினேன்.

ஆறு மாதத்தில் கடையை மூடினோம். இப்போது மடுவத்தில் எனக்கு முழு நாள் வேலை.

அக்கா கழிக்கச் சொன்ன அன்றைக்குக் கணக்கப்பிள்ளை இல்லை. பேனா என் கையில் இருந்தது. வரிசையில் இருந்த ஒருவருக்கும் கழிக்காமல் விட்டிருக்கலாம். முதல் மூன்று பேருடையதையும் திருத்தியிருக்கலாம். கடைசிச் சாக்கு இறங்கியபோதுகூட அது எனக்குத் தோன்றவே இல்லை. கடைத் தட்டுகளைக் கழற்றி அடுக்கும்போதுதான் தோன்றியது. மனைவியிடம் சொன்னேன். அவள் ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கினதை டப்பாவில் போட்டாள்.