டேப்பட் சத்தம்

என் அக்கா புருஷனுக்குக் காது மந்தம் என்ற விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மாமாவுக்கு, அக்காவுக்கு, பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டும் எனக்கு. பைக் மெக்கானிக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் எவன் வண்டியை விடுவான்? அதனால் காதும் காதும் வைத்த மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மீசை அடர்ந்த ஆள் வந்தால்தான் திண்டாட்டம். எஞ்சின் சத்தத்துக்கு அக்கா இருந்தாள். மாமா வண்டியை முடுக்கியதும் பின்னால் போய் நின்று, எஞ்சின் எப்படி அடிக்கிறதோ அதே மாதிரி அவர் தோளில் விரலால் தட்டுவாள். பார்க்கிறவர்கள், இந்த வயசிலும் என்ன ஒட்டுதல் என்று சிரிப்பார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு. கேட்காமலே என் கடைக்குள் தலையை நீட்டி, "உன் கம்ப்ரசர் பெல்ட் தேயுதுடா" என்பாள். பார்த்தால் தேய்ந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று மத்தியானம் வனக்காவலராக வேலை பார்க்கும் பெண் தன் டர்ட் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"கிக் பண்ணிப் பண்ணி கால் வீங்கிடுச்சுண்ணே. சூடாயிட்டா ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. நேத்து பொழுது சாயும்போது பாக்குறேன், சைலன்சர் பைப் செவசெவன்னு இருக்கு. காஞ்ச புல்லுல நிறுத்தப் பயந்து பாறை தேடி அலைஞ்சேன். காட்டைக் காக்குறவளே கொளுத்திட்டா எப்படி?"

பெட்ரோல் குறைவாகப் போனால் பைப் இப்படிக் காயும். மாமா கார்புரேட்டரைக் கழற்றினார், அடைப்பு இல்லை. எங்காவது காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், அதுவும் இல்லை. பிறகு கிக்கரைக் கையால் அமுக்கினார். நல்ல எஞ்சின் பாதி வழியில் முறைத்துக்கொண்டு நிற்கும். இது பரம சாதுவாக இறங்கியது. அழுத்தம் எங்கோ கசிகிறது.

எஞ்சின் மூடியைத் திறந்து, அலமாரியின் அடியில் கிடந்த கேஜைத் தேடி எடுத்தார். தாள் கனத்துக்கு இருக்கும் இரும்புத் தகடு அது. வால்வுக்கும் அதை அமுக்கும் டேப்பட் கைக்கும் நடுவே அது நுழைய வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால், சூட்டில் நீளும் வால்வு சரியாக மூடாது. உள்ளே எரிய வேண்டியது பைப்புக்குள் போய் எரியும்.

தகடு நுழையவில்லை.

மாமா கையிலிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் உறைத்துவிட்டது. போன தடவை இதே பெண், டேப்பட் சத்தம் கேட்கிறது என்று வந்திருந்தாள். அக்கா தோளில் தட்டத் தட்ட, மாமா டேப்பட் ஸ்க்ரூவைத் திருகினார். அவள் விரல் நின்றபோது அவரும் நிறுத்தினார். இடைவெளி இருந்தால் கொஞ்சம் சத்தமும் இருக்கும், அது இருந்தால்தான் வால்வு பிழைக்கும் என்பது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சுத்தமாக நின்றால்தானே நல்லது என்று, சன்னமாகக் கேட்ட மிச்சத்துக்கும் தட்டியிருக்கிறாள். இவராவது கேஜ் வைத்துப் பார்த்திருக்கலாம். காதாலேயே வால்வு வைக்கிறவர் என்று பேர் வாங்கிய மனுஷன், கேஜைத் தொடுவாரா?

"என்ன கோளாறுண்ணே?" என்றாள் காவலர்.

நானாக இருந்தால் பெட்ரோலில் கலப்படம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மாமாவும் அப்படியே சொல்லித் தொலைக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"தப்பு என்னோடதும்மா. சத்தம் நிக்குற வரைக்கும் திருக வெச்சது நான்தான்."

காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மாமா அக்காவின் உதட்டைப் பார்த்துவிட்டார்.

"அவ மேல ஒண்ணுமில்ல. எனக்குக் காது கேக்காதும்மா. கேஜ் வெச்சுப் பாத்திருக்கணும், கௌரவம் பாத்துட்டேன்."

தன் குரலின் அளவு அவருக்கே தெரியாது. தெருமுனை வரைக்கும் போயிற்று. எதிர்க்கடைத் தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். இத்தனை நாள் கட்டிக் காத்தது ஒரு மூச்சில் போய்விட்டது.

காவலர் குனிந்து மாமா கையிலிருந்த கேஜைப் பார்த்தாள்.

"அந்தத் தகட்டை வெச்சே சரி பண்ணுங்கண்ணே. நானும் பாக்குறேன்" என்றாள் பிறகு.

கேஜ் வைத்து இடைவெளி விட்டு, மூடியை மாட்டினார். அவள் மேட்டுத் தெருவில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து, அணைத்து, மறுபடி உதைத்தாள். ஒரே உதையில் பிடித்தது. பைப் கறுப்பாகவே இருந்தது.

அக்கா தள்ளியே நின்றாள்.

"இங்க வா, எப்படி இருக்குன்னு சொல்லு" என்று மாமா தெருவே கேட்கக் கூப்பிட்டார்.

"எனக்கென்ன தெரியும்? உங்க கேஜையே கேளுங்க."

"கேஜு இடைவெளியைத்தான் சொல்லும். வண்டி ஓடுறதை நீதான் சொல்லணும்."

எதிர்க்கடைக்காரர் பார்க்க, காவலர் பார்க்க, அக்கா வந்து அவர் தோளில் கை வைத்தாள். முதல் இரண்டு தட்டு தாளம் தப்பியது. பிறகு எஞ்சினோடு சேர்ந்துகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

"சன்னமா டிக்டிக்னு அடிச்சுக்கிட்டேதான் இருக்கு" என்றாள் சந்தேகத்தோடு, அவர் முகத்துக்கு நேராக.

"அடிக்கட்டும்" என்றார் மாமா.