கடைசி வரிசைக் காது

அவள் கட்டடங்களின் உட்புறத்தை வடிவமைப்பவள். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவருக்கு, அவளுடைய வேலையாட்கள் வைத்த பெயர் ‘காது’. எந்த அரங்கம் முடிந்தாலும் அவள் மேடையில் நின்று ஒருமுறை கைதட்டுவாள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். சத்தம் சுத்தமாக வந்தால் கை தூக்குவார். எதிரொலித்தால் சும்மா இருப்பார். ஒலி அளக்கும் கருவி என்ன காட்டினாலும், அந்தக் கை உயராமல் அவள் சாவியை ஒப்படைத்ததில்லை.

மாநாட்டு மையத்தின் பெரிய அரங்கம் பாதி முடிந்திருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சு குழறியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள். மசித்த சோற்றை இடது கடைவாயில் ஊட்டினாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. வரைபடத்தில், கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகளை அடித்துவிட்டுச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டாள்.

“எனக்கா?”

“வர்றவங்க எல்லாருக்கும்தான். உங்க ஒருத்தருக்கா மண்டபம் கட்டறாங்க?”

அவர் பாதி வாயால் சிரித்தார்.

ஒரு காலையில் அவரை அரங்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் விட்டாள். “காது வந்தாச்சு, வாயை மூடுங்கடா!” என்றார் மேஸ்திரி. அவள் கைதட்டினாள். அவருடைய இடது கை மடியிலேயே கிடந்தது. அவள் இறங்கி ஓடி வந்தாள்.

“பின்சுவரு... எதிர்த்துப் பேசுது.”

“உங்ககிட்ட கத்துக்கிச்சு போல. சத்தத்தை உறிஞ்சற துணிப்பலகை அடிச்சுடறேன். அதுவரைக்கும் எங்கயும் போயிடாதீங்க.”

“சீக்கிரம்... பண்ணு.”

துணிக்கு நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். சாம்பலா, நீலமா? முதல் கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை. இரண்டாவதில் தலைவர் தன் வீட்டு சோபாத் துணியில் ஒரு துண்டு கொண்டுவந்தார்.

“எந்த நிறமா இருந்தா என்ன சார்? சுவருக்கு வேண்டியது துணி!” என்று கத்தியேவிட்டாள்.

“நிறம்தானேம்மா கண்ணுக்குத் தெரியும்?”

மூன்றாவது கூட்டத்தில், அவள் முதலில் சொன்ன சாம்பலே முடிவாயிற்று. துணி வந்து இறங்கியபோது கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பலகைகளை அடித்து முடித்ததும் மேஸ்திரி தயங்கித் தயங்கி வந்தார். “நான் வேணா பின்னாடி போய் நிக்கட்டுமாம்மா?”

“வேண்டாம். நீங்க மேடையில நில்லுங்க. நான் சொன்னதும் தட்டுங்க.”

மேலே ஏறிப் போனாள். நாற்காலி இல்லாத அந்த இடத்தில், புதுக் கம்பளத்தின் மேல் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அவள் எந்த அரங்கத்தையும் கேட்டதில்லை.

“ம், தட்டுங்க.”

சத்தம் ஒரே ஒருமுறை வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. பின்சுவர் வாய் திறக்கவில்லை.

“சரியா இருக்காம்மா?” என்று மேஸ்திரி கீழிருந்து கேட்டார்.

கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் பார்த்தாள், இடது கை.