சூரியக் காற்றும் ஒப்பந்தப் பணியும்

ஆசிரியர் ஓய்வு பெறலாம், பெற்றோர் கூட்டம் ஓய்வதில்லை என்பதை என்னைப் போன்ற அறிவியல் ஆசிரியைகள் நன்கறிவோம்.

மலைக்கிராமமான புதூர்நாட்டில் நான் தமிழ்வழியில் இயற்பியல் கற்பித்த மல்லிகா, விண்கலக் கருவியொன்றை இயக்கும் குழுவில் பணிபுரிகிறாள். சூரியனிலிருந்து ஓயாது வீசும் மின்னூட்டத் துகள்களை எண்ணும் கருவி அது. பணியோ ஒப்பந்தப் பணி. ராக்கெட் புறப்பட்டதும் வேலை முடிந்தது, மகள் வீடு திரும்பிக் கிராம நிர்வாக அலுவலர் தேர்வு எழுதட்டும் என்று அவள் தந்தை கோவிந்தன் முடிவு கட்டியிருந்தார். அவர் மனத்தை மாற்றும் பொறுப்பை மல்லிகா என்னிடம் ஒப்படைத்தாள்.

ஜீப்பில் ஒரு பாடம்

திருப்பத்தூரிலிருந்து மலையேறும் ஜீப்பில் கோவிந்தன் அகப்பட்டார். கருவிக்குள் வளைந்த இரு தகடுகள் உண்டு. மிகு வேகத் துகள் வெளித்தகட்டில் மோதும், வேகம் குன்றியது உள்தகட்டில் மோதும், உரிய வேகத்தில் வருவது மட்டுமே கடந்துபோய் எண்ணப்படும் என்று விளக்கினேன். எதிர்ப்பட்ட கொண்டை ஊசி வளைவையே சான்றாகக் காட்டினேன். கோவிந்தன் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர்தான் வாய் திறந்தார்.

"மோதறது கீதறதுன்னு வளைவுல பேசாதீங்க டீச்சர், மேல போய்ட்டு சொல்லுங்க."

காத்திருக்கும் வேலை

விண்கலம் புறப்பட்டது. மறுவாரமே கோவிந்தன் என் வாசலில் வந்து நின்றார். மகள் இன்னும் ஏன் வரவில்லை என்றார். கருவியை இன்னும் இயக்கவில்லை, உள்ளே எஞ்சிய காற்றும் ஈரமும் முழுவதும் வெளியேறுமுன் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் பொறி பறந்து கருவி பாழாகும், அதுவரை காத்திருப்பதும் அவள் பணியே என்றேன். நல்ல விளக்கம் என்றே எண்ணினேன்.

"இன்னா டீச்சர், காயற வரைக்கும் காவல் இருக்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? நம்ம வூட்டுப் புளியே காயுதே."

எண்ணிக்கை

கருவியை இயக்கிய அன்று மல்லிகா என்னைத்தான் முதலில் அழைத்தாள். துகள்கள் வரத் தொடங்கிவிட்டன என்றாள். நான் கற்பித்த சொற்களிலேயே அவள் அதைச் சொன்னாள். அழைப்பைத் துண்டிக்காமல் அலைபேசியோடு கோவிந்தன் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் அதை வாங்கி, எல்லாவற்றையும் எண்ணி முடிக்க எத்தனை நாளாகும் என்று மகளிடம் கேட்டார். சூரியன் உள்ளவரை வீசும், எண்ணி முடியாது என்றாள் அவள். அவர் அலைபேசியை என்னிடம் நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை.

"முடியவே முடியாத வேலையா? அப்போ நெரந்தரந்தான் டீச்சர். பரீட்சைக்கு வாங்கின கைடு புக்க தம்பி மவனுக்குக் குடுத்துடறேன்."

எந்த நியமன ஆணையும் தராத நிரந்தரத்தைச் சூரியன் வழங்கியதற்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வரையில் கோவிந்தனுக்கு வேறெதையும் விளக்குவதாக இல்லை.