டாக்டரிடம் சொன்ன பொய்

கே.கே. நகர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷின் என் கணவரின் கையில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி என்னிடம், "வீட்ல நடந்துச்சுன்னு சொல்லும்மா. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கையில் பணமில்லாத பயத்தில் டாக்டரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் காயத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரா வெட்டுற மிஷின் வீட்ல ஏதும்மா?" என்றார். மனதுக்குள் கற்பகாம்பாளை நினைத்துக்கொண்டேன்.

அத்தனை வலியிலும் என் கணவர், "இன்னாத்துக்குப் பொய் சொல்லிக்கினு கீற? கம்பெனி மிஷின்தான் சார்" என்றார்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். முதலாளி மறுநாளிலிருந்து போனையே எடுக்கவில்லை. சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினேன். வேலையில் பட்ட அடி என்று டாக்டர் எழுதியிருந்ததால்தான், தொழிலாளர் நல அலுவலகத்தில் முறையிட்டு அந்தச் செலவை முதலாளியிடம் வாங்க முடிந்தது.

இப்போது கோயிலில் பார்க்கும் பெண்களிடமெல்லாம், யார் என்ன தருகிறேன் என்றாலும் விபத்து நடந்த இடத்தை மாற்றிச் சொல்லாதீர்கள் என்கிறேன்.