ஸ்டேஷனைச் சுற்றிப் போன கார்

பிள்ளைகளே, உலக யுத்தம் முடிந்தபின், ஒரு முதலாளியிடம் பார்த்த டிரைவர் வேலையை விட்டுவிட்டு, எருமப்பட்டிக்கும் நாமக்கல்லுக்கும் வாடகைக் கார் ஓட்டலாம் என்று பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போனேன். அப்போதுதான் சட்டம் கடுமையாகியிருந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் கோர்ட்டில் அபராதம், லைசென்ஸும் போய்விடும். பிரேக் பிடிக்காத வண்டி என்றால் அதற்குத் தனி வழக்கு. எனக்கோ அந்த லைசென்ஸை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

விற்பவர் என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். நல்ல ரோடு இருக்கையில் மாட்டுவண்டிப் பாதையில் காரை இறக்கினார்.

"ஏனுங்க, ரோட்டுல போகாம இப்படி?"

"ரோட்டுல ஒரே தூசிங்க."

அவர் சொல்லும்போதே இருவர் தலையிலும் புழுதி. எனக்குச் சந்தேகம் தட்டியது. ரோட்டில் போனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலைத் தாண்ட வேண்டும்.

கம்பங்காட்டு வரப்பில் முட்டித்தான் காரை நிறுத்தினார்.

"பிரேக் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. வேகமாப் போனாத்தானுங்களே அதுக்கு வேலை?"

"இன்சூரன்ஸ் காகிதம்?"

"ஊட்டுல பத்திரமா இருக்குதுங்க. நம்பிக்கை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஸ்டேஷன் வாசல் வழியா ஒருக்கா ஓட்டுங்க. அங்கயே பணம் தாரேன்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. ஊட்டு லட்சுமிய எப்படி விக்கிறது?"

"அப்ப நாளைக்கு அந்த வாசல்லயே நிக்கிறேனுங்க" என்று இறங்கி நடந்தேன்.

மறுநாள் உச்சிப்பொழுது வரை ஸ்டேஷன் எதிரே நின்றேன். கார் வரவில்லை. பழைய முதலாளியிடமே மறுபடி டிரைவராகச் சேர்ந்தேன்.