பிரதோஷத்தன்று ஒரு காட்டு நடை

மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் ஏறினால், ஊர் முடியும் இடத்தில் ஒரு சிறு காடு இருக்கிறது. உள்ளே கல் பாவிய பாதை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கூடச் சுற்றி வரலாம். ஒரு பிரதோஷத்தன்று, விரதத்தில் இருந்த என் கணவர், "ஆத்துல இருந்தா பசி தெரியும், நடந்தா பொழுது போகும்" என்றதும் நானும் கிளம்பினேன். சுலபமான பாதைதானே என்று தண்ணீர் பாட்டிலைத் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

பாதி வழியில் அவர் பேச்சு குழறியது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டபோதுதான், வெறும் வயிற்றில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டது தெரிந்தது.

எதிரே நடந்து வந்த ஒரு பெண் கைப்பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினார். இவரோ, "தீபாராதனை ஆகட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆத்யம் இது கழிக்கூ சேட்டா. அம்பலம் எங்ஙும் போகில்லா" என்றார் அந்தப் பெண். முதலில் சாப்பிடுங்கள், கோயில் எங்கும் ஓடிவிடாது என்கிறார்.

எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "விரதம் முறிஞ்ச பாவம் எனக்கு இருக்கட்டும். வாயைத் திறங்கோ" என்று மிட்டாயைப் பிரித்து ஊட்டினேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "எலுமிச்சை மிட்டாயா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டாக்டரைக் கேட்டபின், எங்கள் வீட்டில் பிரதோஷ விரதம் என்னுடையதாகிவிட்டது. அன்று அவருக்கு வேளை தவறாமல் சாப்பாடு. பசியோடு சமைப்பவள் நான் என்பதால், இலையில் மிச்சம் வைக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.