மகள் தந்த கிண்ணத்தில் ஒரு மலை

பிறந்தநாளுக்கு மகள் தந்த யப்பானியத் தேநீர்க் கிண்ணத்தில் முப்பத்தொரு மயிரிழை வெடிப்புகளை எண்ணினேன். வெள்ளைப் பூச்சு பாதிவரை வழிந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் மண். பழுதானதை விற்றுக் கடைக்காரர் பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்கு நான்கு இரவுகள் நித்திரை இல்லை. பரிசோடு வந்த, கடையில் கொடுத்துப் பொருளை மாற்றிக்கொள்ளும் சீட்டுக்கு ஐந்தாம் நாள்தான் கடைசி நாள். அவளுக்குச் சொல்லாமல் மனைவியுடன், கடை இருக்கும் நோர்வே நகரான ஸ்ட்ரோம்மனுக்குப் பஸ் ஏறினேன்.

மனைவி கிண்ணத்தை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“மேலை பனி, கீழை மண். அங்கை தெரியிற மலை மாதிரியெல்லே இருக்கு?”

யன்னலுக்கு வெளியே, ஏப்ரல் மாதச் சரிவில் பனி அப்படித்தான் ஓரம் நெளிந்து பாதியில் நின்றது.

“அப்ப வெடிப்பு?”

“ஏரியிலை ஐஸ் வெடிக்கிறேல்லையோ? அதையும் மாத்தித் தரச் சொல்லுங்கோவன்.”

கடையில் அதே வகைக் கிண்ணங்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்றில் பாறையில் பாசி படர்ந்திருந்தது. எங்கள் மலை எதிலும் இல்லை. விற்பனைப் பெண் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டாள். சும்மா பார்க்க வந்தோம் என்று சீட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

மாலையில் மகள் தொலைபேசியில் கேட்டாள்: “அப்பா, கிண்ணம் பிடிச்சதோ?”

“ஓம் பிள்ளை, இனி அதிலைதான் தேத்தண்ணி. கொம்மாவைத் தொடவிடமாட்டன்.”